நூற்றெழுபத்து நாலு படங்கள்

பென்டிரைவின் முதுகில் நாலு ஜி.பி. என்று அச்சடித்திருக்கிறது.
கம்ப்யூட்டரில் செருகினால்
மூன்று புள்ளி ஏழு இரண்டு என்கிறது.
உள்ளே ஒன்றுமில்லை, துடைத்த தட்டு.

"மீதி எங்கே?" என்கிறார் பிரபுல்லா மண்டல்,
மால்டாவிலிருந்து அண்ணனைக் கூட்டி வந்தவர்.
இந்தி அவருக்கும் சொந்தமில்லை.
வீட்டு உருதை வளைத்துத்தான் நானும் பேசுகிறேன்.
பாபுராவ் தெருவில் இந்தக் கேள்வியை
வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்.
கேட்கும்போது என் கையைப் பார்க்கிறார்கள்.

விற்பவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான்.
மெஷின் ஆயிரத்து இருபத்து நாலாக எண்ணுகிறது.
கே.பி., எம்.பி., ஜி.பி. என்று
ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வழுக்கி
மூன்றாம் படி ஏறுவதற்குள்
நூற்றுக்கு ஏழு காணாமல் போகும்.
யாரும் எடுக்கவில்லை, பாய்.

எங்கள் வீடு கட்டியபோது
மூணு யூனிட் பாலாற்று மணல் என்று கொட்டிவிட்டுப் போனான் லாரிக்காரன்.
அண்ணன் டேப் பிடித்தான். இரண்டே முக்கால்.
வழியில் குலுங்கி அமுங்கிடுச்சு என்றான் போனில்.
அது வேறு. அது திருட்டு.
மண்டலிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்து சி.டி. ஸ்கேன்
மூன்று புள்ளி எட்டு ஒன்று.
எண்பத்தேழு எம்.பி. இடிக்கிறது.
ஒரு படம் அரை எம்.பி.:
ஐந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளி அகலம், அதே உயரம்,
புள்ளிக்கு இரண்டு பைட்.
பெருக்கினால் பிசிறில்லாமல் வரும்.
ஆக, நூற்றெழுபத்து நாலு படங்களை
வேலூரிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்.

எதை?
கணக்கு முடிந்ததும் அவர்தான் கேட்டார்.
தோளை விடலாமா.
போன சித்திரையை விடலாமா.
கட்டி சின்னதாக இருந்த மாதம் அது,
அதைத்தானே அங்கிருக்கும் டாக்டர் முதலில் கேட்பார்.

நெட்டில் ஏற்றலாம்தான்.
பத்து என்று சொல்லி கனெக்‌ஷன் கொடுத்தவன்
பிட்டில் சொன்னான்.
எட்டால் வகுத்தால்தான் பைட்.
ஐம்பத்தைந்து நிமிஷம் ஆகும்.
காட்பாடியில் ரயிலுக்கு இருப்பது ஒரு மணி நேரம்.
எட்டு ஜி.பி. டிரைவ் முந்நூற்றைம்பது என்றேன்.
சட்டைப்பையைத் தொட்டார். கை உள்ளே போகவில்லை.
வெளியே ஆட்டோ உறுமிக்கொண்டிருந்தது,
அதற்குள் அண்ணன், மஃப்ளர் சுற்றி, இந்த மே மாதத்தில்.

ஜிப் போட்டேன்.

உடம்பைச் சுற்றியிருக்கும் கறுப்பைத்தான்
அது நன்றாக மடிக்கிறது.
எதுவுமில்லை எதுவுமில்லை எதுவுமில்லை என்று
லட்சம் தடவை எழுதியிருப்பதை
எதுவுமில்லை, லட்சம் தடவை
என்று ஒரே வரியில் குறித்துக்கொள்கிறது.
உடம்புக்குள் வந்ததும் தயங்குகிறது.
எலும்பில், ஈரலில், அந்தக் கட்டியில்
மடிக்க அதிகமில்லை.
பச்சைக் கோடு ஊர்ந்தது. பன்னிரண்டு நிமிஷம்.
ஆட்டோக்காரர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

ஒன்று புள்ளி ஒன்பது.
டிரைவில் பாதி காலி.

"பாதியை எடுத்துட்டீங்களா?"
இந்தத் தடவை சந்தேகமில்லை, பயம்.
திறந்து காட்டினேன்:
ஏழாயிரத்து எண்ணூற்று இரண்டு படங்கள்.
முதலில் இருந்த எண்ணை
உள்ளங்கையில் வங்காளத்தில் எழுதி வைத்திருந்தார்.
வியர்வையில் ஒரு இலக்கம் கலைந்திருந்தது.
மற்ற மூன்றும் சரி.

ஜி.பி.க்கு இருபது ரூபாய் என்று
போர்டு எழுதியவள் நான்தான்.
மடிப்பதற்கு முன்பா பின்பா என்று எழுதவில்லை.
முப்பத்தெட்டு என்றேன்.
நாற்பது கொடுத்தார்.
கல்லாவில் சில்லறை இல்லை,
இரண்டு ரூபாய்க்கு இரண்டு டாஃபி.

இது எந்தக் கணக்கு என்று அவர் கேட்கவில்லை.
ஒன்றை உரித்து ஆட்டோவுக்குள் நீட்டினார்.
அண்ணன் மஃப்ளரைக் கொஞ்சம் இறக்கி
வாயைத் திறந்தார்.