காஃபி

முவைலா. செப்டம்பர். காலை ஏழரை.
கண்ணாடிக்கு வெளியே காற்று
பிழியாத துணிபோல் தொங்குகிறது.
என் மேசையில் ஒரு புகார்த்தாள்:
"கறுப்புப் பையன்கள் ஐந்து பேர்
கேண்டீன் சுவரோரம் கும்பலாக நிற்கிறார்கள்."

போய்ப் பார்த்தேன்.
அந்த மைதானத்தில் நிழல்
அங்கே மட்டும்தான் இருந்தது.

ஒபின்னா, ஃபில்மோன், ஒகெல்லோ.
சுஹைல். அவன் தாத்தா ஸன்ஸிபாரில் பிறந்து
மஸ்கட்டில் அடங்கியவர்,
அவன் கனவு காண்பதே அரபியில்தான்.
ஐந்தாவது, காஃபி.
ஐந்து கடவுச்சீட்டுக்கும் சேர்த்து ஒரே சொல், கும்பல்.
நேற்று அதே சுவரில்
மலையாளப் பையன்கள் ஒன்பது பேர் சாய்ந்திருந்தார்கள்.
அதற்குப் பெயர் இடைவேளை.

காஃபியைத் தனியே கூப்பிடக் காரணம் உண்டு.
இந்த மாதத்தில் மூன்றாவது மூக்கு.
வருகைப் பதிவில் அவன் பெயர் வந்தால்
பின்வரிசை "கலாஸ், கலாஸ்" என்கும்.
காஃபி என்றால் அரபியில் போதும்.
கலாஸ் என்றால் முடிந்தது.

பஸ் ஓட்டும் செல்லப்பெருமாள் அண்ணனுக்கோ
அது வேறு காபி.
"பால் ஊத்தாததும்மா" என்றார் ஒருநாள்,
கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தபடி.
நான் சிரித்தேன்.
அதை எழுதாமல் விட்டால்
இங்கே மற்றதெல்லாம் பொய்.

பயிற்சியில் சொல்லித்தந்திருந்தார்கள்:
இருவருக்கும் பொதுவான ஒன்றைத் தேடு,
அங்கிருந்து தொடங்கு.
என்னிடம் ஒன்று இருந்தது.
அலுவலகத்தில் நான் மிஸ் பொன்னி.
கடவுச்சீட்டில் போதும்பொண்ணு,
நாலாவதும் பெண்ணாய்ப் போனதும்
அப்பா கடவுளுக்குப் போட்ட மனு.

"உன் பேரும் என் பேரும் ஒன்றுதான்" என்றேன்,
"வேண்டாமென்று வைத்த பேர்."
கண்கூடக் கலங்கியது.
எனக்கு.

தவறான வீட்டுக் கதவைத் தட்டிய
டெலிவரி ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
"மிஸ், அது அரபி இல்லை.
எங்கள் நூபா மலையில்
முதல் பையன் கூகூ.
இரண்டாவது காஃபி. மூன்றாவது தியா.
காஃபி என்று கத்தினால்
தண்ணீர்க் குழாயடியில் பத்துப் பேர் திரும்புவார்கள்.
வேண்டாமென்று யாரும் வைக்கவில்லை."

என் கதையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன்.
ஏசி ஒருமுறை இருமியது.

சேர்க்கைப் படிவம், ஏழாம் கட்டம்:
உடன்பிறந்தோர், இல்லை.
ஒரு வருடமாக அந்தத் தாள் என் அலமாரியில்.
நான்கு பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.
ஐந்தாம் கட்டத்தில், பெயர் என்ற இடத்தில்,
'இரண்டாமவன்' என்று எழுதியிருந்தது,
எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

கூகூ எங்கே என்று கேட்க வந்தது.
கேட்கவில்லை. தண்ணீர் குடித்தேன்.
படிவத்தை அவன் பக்கம் திருப்பி
பேனாவை அதன்மேல் வைத்தேன்.
வேண்டுமானால் எடுக்கட்டும்,
வேண்டாமென்றால் மணி அடிக்க இன்னும் ஒன்பது நிமிடம்,
சும்மா உட்கார்ந்திருப்போம்.

ஏழாவது நிமிடத்தில் சொன்னான்:
"போதும் என்றால் விட்டுவிடுவேன் மிஸ்.
முடிந்தது என்கிறார்களே."

பிறகு எழுதினான்.
'இல்லை'யை அடிக்கவில்லை.
அதன் பக்கத்திலேயே, சின்னதாக, கூகூ.
வயது என்ற இடத்தில் பத்தொன்பது போட்டுவிட்டு
பேனாவை எடுக்காமல் இருந்தான்,
இந்த வருடத்தையும் கூட்டுவதா என்று.

மணி அடித்தது.

முதல்வருக்குப் போன அறிக்கையில்
அந்தப் பெயர் இல்லை. அது அவனுடையது.
ஒரே ஒரு பரிந்துரை:
கேண்டீன் சுவரோரம்
நிழல்வலை இன்னும் ஆறு மீட்டர்.
'புகாருக்குத் தொடர்பற்றது' என்று திரும்பி வந்தது.
மறுபடி அனுப்பியிருக்கிறேன்.

சாயங்காலம் பஸ்ஸில்
செல்லப்பெருமாள் அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.
இந்த முறை நான் சிரிக்கவில்லை.
"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார்.