சும்மா

கனாங்கா தாண்டியதும் தார் முடிந்தது.
கொஞ்ச நேரத்தில் மண்ணும் முடிந்தது.
மணல்.
லாரிகள் உழுதுவிட்டுப் போன இரண்டு பள்ளங்கள்,
இரண்டும் என் இடுப்பாழம்.
அதற்குள் நானும் இருநூறு கிலோ வண்டியும்.

முதல் முறை விழுந்தபோது படம் எடுத்தேன்.
நான்காம் முறை வண்டியைத் திட்டினேன்.
ஏழாவதில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
அதன்மேலேயே சாய்ந்து கிடந்தேன்.
கிளட்ச் கருகிய வாடை நாக்குவரை ஏறியிருந்தது.

அப்போது ஒரு சைக்கிள் வந்தது.
மிதி இல்லை, சங்கிலி இல்லை, இருக்கை இல்லை.
கைப்பிடியில் கட்டிய ஒரு கழி,
பின்னால் நட்டுக்கு நின்ற இன்னொரு கழி,
இடையில் ஏழு மஞ்சள் கேன்களில் செம்பனை எண்ணெய்.
தள்ளுகிறவன் சாய்ந்து, மூச்சு விட்டு,
மறுபடி சாய்ந்து.

"மோயோ" என்றான்.
அந்தப் பக்கத்து வணக்கம். பொருள், உயிர்.
உயிர் என்று நானும் சொன்னேன்.
சைக்கிளைக் கழியில் சாய்த்துவிட்டு வந்து
என் வண்டியின் பின்பக்கம் பிடித்து ஒரே தூக்கு.
நன்றி சொல்வதற்குள் போய்விட்டான்.

ஒரு மணி நேரத்தில் நான் அவனை முந்தினேன்.
அரை மணியில் அவன் என்னை.
பிறகு நான்.
பிறகு, பள்ளத்தில் குப்புறக் கிடந்த என்னைக் கடந்து, அவன்.
இந்தத் தடவை சிரிப்பை அடக்கவே இல்லை.

இரவு ஒரே மாமரத்தடி.
பெயர் பாடிபங்கா.
அவனிடம் மரவள்ளி மாவு உருண்டை,
என்னிடம் ஒரு டப்பா மத்தி.
முழங்காலில் எண்ணெய் தேய்த்தபடி
அரைகுறைப் பிரெஞ்சில் விசாரணையை ஆரம்பித்தான்.

எங்கிருந்து? டக்கார்.
எதுவரை? கேப்டவுன்.
மணலில் விரலால் கோடு இழுத்துக் காட்டினேன்.
டார்ச்சைக் கிட்டே பிடித்து
கோட்டின் இரண்டு முனைகளையும் பார்த்தான்.
"என்ன சரக்கு?"
சரக்கு இல்லை.
பெட்டிகளைத் திறந்து காட்டினேன்:
கூடாரம், ஸ்பேனர்கள், டியூப், மூன்று சட்டை.
"யாராவது செத்துப்போனார்களா?" இல்லை.
"கடனா?" இல்லை.
"யாரையாவது அடித்துவிட்டு ஓடுகிறாயா?" இல்லையப்பா.
"அப்புறம்?"
சும்மா என்பதற்கு என் பிரெஞ்சில் சொல் இல்லை.
தோளைக் குலுக்கினேன்.

"வெறும் வண்டி" என்றான் மெதுவாக.
"இவ்வளவு தூரம். கூலி யார் தருவார்கள்?"
அதில் கேலி இல்லை.
தன் கணக்கில்தான் எங்கோ பிழையென்று
மறுபடி விரல் விடுகிறவனின் குரல்.

காலையில் என் பின்னிருக்கையில் ஒரு மஞ்சள் கேன்.
பழைய டியூப்பால் மூன்று சுற்று இறுக்கியிருந்தது.
"ம்புஜிமாயி சந்தை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்
என் தங்கை ந்தும்பா.
நான் போய்ச்சேர ஐந்து நாள். நீ நாளைக்கு."
அவ்வளவுதான்.
என் பெயரைக் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைக் கேட்கவில்லை.
ஆறு கேன் சைக்கிளை
விசில் அடித்துக்கொண்டே தள்ளிப் போனான்.

இருபது லிட்டர் பின்சக்கரத்தை அழுத்திப் பிடித்ததா,
இல்லை பயமா, தெரியாது.
அன்று இரண்டே முறைதான் விழுந்தேன்.
இரண்டு முறையும் எழுந்ததும்
கால் இருக்கிறதா என்று பார்க்கவில்லை,
கண்ணாடி உடைந்ததா என்று பார்க்கவில்லை.
கேனின் மூடியைப் பார்த்தேன்.

ந்தும்பா கேனைத் தட்டினாள்.
வெயிலுக்கு எதிரே தூக்கினாள்.
"இரண்டு விரல் குறைகிறது."
என் கால்சட்டையில் சிவப்பாய் வழிந்திருந்ததைக் காட்டினேன்.
ஆயிரம் பிராங்க் எண்ணி,
சிந்தியதற்கு இருநூறு பிடித்துக்கொண்டு,
மிச்சத்தை என் உள்ளங்கையில் வைத்து
அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டாள்.

அரை லிட்டர் பெட்ரோல்கூட வராது அதில்.
டேங்க் பையில், வரைபடத்துக்குக் கீழே,
எண்ணெய் வாடையோடு கிடக்கிறது.

லுபும்பாஷிவரை பதினோரு சாவடி.
எல்லாவற்றிலும் அதே கேள்வி,
என்ன வேலையாகப் போகிறீர்கள் என்று.
சரக்கு இறக்கியாயிற்று, என்கிறேன்.