சார்ஜர் நீங்கலாக

ஷார்ஜாவிலிருந்து ரிஃபாயின் மச்சான்
கொண்டுவந்த லேப்டாப்
ஒன்றரைக் கிலோ.
சார்ஜரை யாரும் நிறுக்கவில்லை,
அது முக்கால் கிலோ செங்கல்.

கீழக்கரை மாடியறையில்
மூன்றாவது ரவுண்டிலேயே
கச்சான் காற்றாய் இரைகிறது விசிறி.
விரல்நுனி சுடுகிறது.
திரை திக்கித் திக்கி,
நான் செத்தபிறகுதான்
சுட்டவன் தெரிகிறான்.

என்னுடையது தடியன்.
ராம்நாடு பஸ்ஸில் மடியில் வைத்தால்
ஏர்வாடி முக்கு வருமுன்னே
தொடை மரத்துவிடும்.
ஆனால் திக்காது.

ஒரு வாரம் மாற்றிக்கொள்வோமா என்றான்.

மறுநாள் பஸ்ஸில்
பைக்குள் இருக்கிறதா என்று
நாலு தடவை தொட்டுப் பார்த்தேன்.

ராத்திரி கரண்ட் போனது.
தடியன் பத்து நிமிஷத்தில் அணைந்தானாம்,
ஒல்லி இருபது.

பிறகு இருட்டில்
எடை பார்க்காமல்
இரண்டு வீட்டிலும்
விசிறித் துளை தேடி நுழைந்தது
உப்புக்காற்று.