எஸ்ஸுக்குப் பின்னால்

டாண்டினாங்கில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்,
பெயர்ப்பலகை செய்யும் கடையில் வேலை எனக்கு.
வினைல் தாளில் இயந்திரம் கீறிவிட்டுப் போகும்;
வேண்டாததை ஊசிமுனையால் நான் உரிப்பேன்.
எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு.
புள்ளிக்குக் காசு வாங்குவதில்லை.

செவ்வாய் இரவு ஆங்கில வகுப்பு.
ஒரு ஓ போட்டால் தொலைப்பது,
இரண்டு ஓ போட்டால் தளர்ந்தது
என்றார் மிஸ் பெட்ரொவ்ஸ்கா.
நோட்டில் தமிழில் குறித்துக்கொண்டேன்:
லூஸ். லூஸ்.
வீட்டுக்கு வந்து திறந்தால்
எது தொலைந்தது, எது தளர்ந்தது?
எங்களிடம் மூன்றாவது லூஸும் உண்டென்று
அடுத்த வாரம் நெற்றியோரம் விரலைச் சுழற்றிக் காட்டினேன்.
தென் சூடான் அசோல் அக்கா
மேசையில் தலைவைத்துச் சிரித்தார்.

பிறகு உடைமைப் பாடம்.
எஸ்ஸுக்கு முன்னால் தொங்கினால் ஒருவருக்குச் சொந்தம்,
பின்னால் தொங்கினால் பலருக்கு.
கொசுவின் கால் அளவு மை.
எங்களுக்கு இதற்கு ஒரு முழுச் சொல் இருக்கிறது: உடைய.
அண்ணனுடைய. தம்பியுடைய.
அதே சொல்லைக் கழற்றித் தனியே வைத்தால்
கண்ணாடி உடைய,
வீடு உடைய.
இதை மிஸ்ஸுக்குச் சொல்ல என் ஆங்கிலம் போதவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைதான் சிவகடாட்சம் வந்தார்.
பிரதர்ஸ் டயர்ஸ். எட்டு வருடமாய்ச் சிவப்புப் பலகை,
புள்ளி சரியாக எஸ்ஸுக்குப் பின்னால்.
"தம்பி பெர்த்துக்குப் போயிட்டான்.
அதை முன்னுக்குத் தள்ள வேணுமாம், லோயர் சொல்றார்.
எவ்வளவு எடுப்பீங்கள்?"
எழுத்தில்லையே அண்ணை,
ஏணிக்கு மட்டும் தாருங்கள் என்றேன்.

சூடு காட்டினால் பசை இளகும்.
பழையது கிழியாமல் வந்து
என் பெருவிரல் நகத்தில் உட்கார்ந்தது.
புதியதற்கு இடம் போதவில்லை;
ஆரின் தோளை இடித்துக்கொண்டு நின்றது.
கீழே போன் அடித்தது.
"பிரதர்ஸ் டயர்ஸ்" என்றார்.
காதுக்கு ஒன்றும் மாறவில்லை.

வீட்டுப்பாடம், எழுதுவதற்கு முன் எழுதுவது.
நடுவில் ஒரு சொல், சுற்றி வட்டம்,
தோன்றுவதையெல்லாம் கோடிழுத்துத் தொங்கவிடு.
வாக்கியம் வேண்டாம். பிழை பார்க்காதே.
சொல்லையும் அவரே தந்தார்: மைன்.
எந்த மைன் என்றார் அசோல் அக்கா,
என்னுடையதா, நிலத்துக்குள் இருப்பதா?
வகுப்பில் வேறு யாருக்கும் அது கேள்வியாகப் படவில்லை.
நான் குனிந்து
ஏற்கெனவே கூரான பென்சிலைச் சீவினேன்.

சமையலறை மேசையில் என் வட்டம்.
வாடகை ரசீது. கார்ச் சாவி.
இடது காதில் மீதமிருக்கும் கேட்கும் சக்தி.
இரண்டு கோடுகள் எங்கும் போய்ச் சேரவில்லை.
ஒன்றின் நுனியில்
நகத்தோடு வந்ததை ஒட்டிப் பார்த்தேன்,
யாருடையது என்று எழுதாமல்.

நேற்று சிவகடாட்சம் அழைத்தார்.
வெயிலில் பார்த்தால் எஸ்ஸுக்குப் பின்னால்
ஒரு கறை தெரியுதாம்,
எதைப் போட்டுத் துடைத்தாலும் போகுதில்லையாம்.
கறை இல்லை அண்ணை,
அதுதான் பலகையின் முதல் நிறம்;
மற்ற இடமெல்லாம்தான் வெளிறிப்போனது.
கொஞ்ச நேரம் கம்ப்ரெசர் சத்தம் மட்டும் கேட்டது.
"அப்பிடியே விட்டால் சரியாகுமோ?"
ஆகும் என்றேன்.
எட்டு வருடம் விடவேண்டும்.