ஏற்காட்டிலிருந்து எடுத்தது

மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது
மலை எதிரில்தான் நிற்கிறது.
பார்ப்பதற்குக் காசு கிடையாது.
இருபது வளைவு, முப்பது கிலோமீட்டர்.
ஜங்ஷனுக்குப் போகிற மாதிரி
யார் யாரோ போய் வருகிறார்கள்.
எங்கள் வீட்டில் அது
கணக்கு நோட்டில் ஒரு தலைப்பு.

பள்ளப்பட்டியில் கொலுசுக்குச் சலங்கை கோர்த்தால்
கிலோவுக்கு இவ்வளவென்று
சனிக்கிழமை கூலி வரும்.
அதில் ஐம்பது ஏற்காட்டுக்கு.
சில வாரம் முப்பது.
வெள்ளி விலை எகிறி ஆர்டர் நின்ற மாதங்களில்
தலைப்புக்குக் கீழே தேதி மட்டும்.
மாதேஸ் சாயங்கால டீயை நிறுத்தியது
அவர் சொல்லித் தெரியவில்லை,
டின்னில் பத்து ரூபாய்க் காசு கூடியதில் தெரிந்தது.

டின் பரண்மேல் இருந்தது,
குக்கர் வந்த அட்டைப்பெட்டிக்குள்.

முதலில் சிலிண்டர் தீர்ந்தது.
'ஏற்காட்டுலருந்து எடு, அடுத்த வாரம் வச்சிரலாம்.'
வைத்துவிட்டோம், அந்தத் தடவை.
லோகித்துக்குக் கடைவாய்ப்பல் வீங்கியது,
ஏற்காட்டை வைத்துத்தான் பிடுங்கினோம்.
நாத்தனார் மகள் காதுகுத்துக்கு
பாதி ஏற்காடு
தாம்பாளத்தில் வெற்றிலையோடு போனது.
ஐப்பசி மழையில் நின்றுபோன வண்டி
இன்றைக்கும் ஓடுவது
ஏற்காட்டால்.

பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டிருக்கிறார்,
ஏற்காடு எங்கே இருக்கிறது?
'பரண்மேல' என்றிருக்கிறாள் பவிஷா.
எல்லாரும் எதுக்கும்மா சிரிச்சாங்க?
எனக்குச் சலங்கை எண்ணிக்கை தப்பியது.
திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினேன்.

அன்று ராத்திரி புதுப் பக்கம்.
பஸ், போக வர.
ரூம் என்று எழுதி அடித்தேன்,
நமக்கென்ன வீடில்லையா.
புளிசாதம் மாதச் சாமானில் அடங்கும்.
மிளகாய் பஜ்ஜி, ஆளுக்கு ஒரு தட்டு.
எல்லாம் பேனாவில்.
படகு மட்டும் பென்சிலில்.

கோடைவிழாக் கூட்டம் வடிந்து
ஜூன் கடைசி ஞாயிறு போனோம்.
ஏழாவது வளைவில் லோகித் வாந்தி.
பன்னிரண்டில் நான்.
எலுமிச்சம்பழம் ஒன்றுதான் கொண்டு போயிருந்தோம்,
அதையும் முன்சீட்டுக் குழந்தைக்குக் கொடுத்திருந்தோம்.

ஏரி, டிக்கெட் கவுண்ட்டர், போர்டு.
பென்சிலில் இருந்ததைவிட நூற்றிருபது கூட.
மாதேஸ் போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
ஆஸ்பத்திரி பில் கட்டுமிடத்தில் பார்ப்பாரே
அந்தப் பார்வை.
நான் வாய் திறக்குமுன்னே லோகித் சொன்னான்:
'தண்ணின்னா எனக்குப் பயம்மா. வேணாம்.'
'எனக்கும் பயம்' என்றாள் பவிஷா,
படகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டு பேருமே பொய்.
மேட்டூர் வாய்க்காலில்
இழுத்து வெளியே போட வேண்டிய பிள்ளைகள்.
நான் எழுதும் நோட்டை
இவர்களும் தினம் எழுதி வந்திருக்கிறார்கள்
எனக்குத் தெரியாமல்.

பஜ்ஜிக் காசை எடுத்தேன்.
முந்தானை முடிச்சையும் அவிழ்த்தேன்.
நாலு பேர் என்றேன், சத்தமாக,
பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி.

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பதுபோல் மாதேஸ் மிதித்தார்.
அரைமணி தாண்டினால் கூடுதல் கட்டணம்,
ஆனாலும் கொஞ்ச நேரம்
காலை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.
படகு தானாகச் சுற்றியது.
பவிஷா கையை விட்டு அளைந்தாள்.
'இவ்ளோ தண்ணி
எதுலருந்தும்மா எடுத்தாங்க?'

வீட்டுக்கு வந்து புளிசாத டப்பா கழுவி,
பென்சில் எழுத்தின்மேல் பேனாவை ஓட்டினேன்.
தொகையைத் திருத்தினேன்.
பஜ்ஜியை அடித்தேன்.
மீதி அறுபத்து நாலு.

டின்னைப் பரணில் ஏற்றும்போது
ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த லோகித் கேட்டான்,
'இனிமே இதுக்கு என்னா பேரு?'

நாளைக்கு சிலிண்டர் சொல்ல வேண்டும்.
'நல்லாப் பிடி, ஆடுது' என்றேன்.