இருபத்தொன்பது எட்டு

சனிக்கிழமை சாயங்காலம், செயின்ட் லூசியில்,
மார்வாவின் ரம் கடைப் பலகையில்
டோமினோக் கட்டைகள் அறைகிற சத்தத்துக்கு நடுவே
மறுபடியும் ஆஸ்மண்ட் யார்டைத் தோண்டி எடுத்தார்கள்.
செத்துப் பதினோரு வருடம்.
வாரத்துக்கு வாரம் கொஞ்சம் வேகம் கூடுகிறது அவனுக்கு.

"அந்தக் காலத்தில் ஹெல்மெட் ஏது?" என்கிறான் தச்சன் லிவிங்ஸ்டன்.
"ஞாயிறு முழுக்கப் பந்து வீசிவிட்டுத்
திங்கள் காலை துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை தூக்கினான்.
இப்போதிருப்பவன் நாலு ஓவருக்கே ஐஸ் கட்டியில் படுக்கிறான்."
"அந்தக் காலத்தில் மட்டை பிடிக்கத் தெரிந்தவன் ஏது?"
மீன் வண்டி கார்லைல் விடுவதில்லை.
ஜவோன் ஸ்கீட்டை எந்திரம் அளந்திருக்கிறது:
நூற்று நாற்பத்தெட்டு.
யார்டை அளந்த எந்திரம் ஒன்றுதான்.
அது நான்.

விக்கெட் கீப்பருக்கு வேகம் என்பது
ஸ்டம்பிலிருந்து எத்தனை எட்டு பின்னால் போய்க் குந்துகிறோம், அவ்வளவே.
பந்து இறங்கத் தொடங்குகிற கணத்தில்
இடுப்புயரத்தில் உள்ளங்கைக்கு வரவேண்டும்.
ஓர் எட்டு முன்னால் நின்றால் விரல் போகும்.
ஓர் எட்டு பின்னால் நின்றால் மானம் போகும்.
என் இடது சுண்டுவிரல் மடங்காது. அது யார்ட்.
வலது கட்டைவிரல் மழைக்கு முந்தியே முனகும்.
அது டெல்வின் கிட்டன்ஸ், அவனுக்குப் பின் வந்தவன்,
மெதுவானவன் என்று ஊரே சொன்னவன்.
எலும்பு எந்தக் கட்சியிலும் சேர்வதில்லை.

"அளந்தே பார்த்துவிடலாமே," என்றான் ஜவோன்.
குரலில் கேலி இல்லை. அதுதான் வம்பாயிற்று.

கையில் கோப்பைகளோடு மைதானத்துக்கு நடந்தோம்.
கடற்காற்று கரும்பைத் தலைவாரிக்கொண்டிருந்தது.
யார்டுக்கு நான் நின்ற இடம் எனக்குத் தெரியும்:
தேவாலயத்தின் இரண்டாம் ஜன்னலும்
தண்ணீர்த் தொட்டியின் காலும் ஒரே கோட்டில் சேருமிடம்.
தேவாலயம் நகராது.

ஸ்டம்பிலிருந்து தொடங்கினேன். பின்னால் கூட்டமே எண்ணியது.
அந்நாளில் இருபத்திரண்டு;
அயந்தியின் ஸ்கோர் புத்தக ஓரத்தில் பென்சிலில் இருக்கிறது.
இருபத்திரண்டில் ஜன்னல் இன்னும் தள்ளியே இருந்தது.
இருபத்தைந்து.
இருபத்தேழு, மூச்சு வாங்க.
இருபத்தொன்பதில் ஜன்னலும் தொட்டியும் கூடின.

கத்தினார்கள் பாருங்கள்!
லிவிங்ஸ்டன் தொப்பியைக் காற்றில் விட்டான்.
"எவனும் எவனுக்கும் நிற்காத தூரம்!"
கார்லைலே வாயடைத்துப்போய் என் கோப்பையை நிரப்பினான்.

எனக்குத் தெரியும்.
இடுப்பில் இரும்பு வைத்துத் தைத்த நாளிலிருந்து
என் எட்டு குறுகிவிட்டது.
தெரிந்துதான் குடித்தேன்.
நல்ல ரம்.
யாரும் பொய் சொல்லவில்லை, கால் தளர்ந்தது,
செத்தவன் வேகம் கூடிவிட்டது.

அயந்தி மட்டும் தூரத்தைப் பார்க்கவில்லை,
என் செருப்பைப் பார்த்தாள்.
நாற்பது வருடம் ஸ்கோர் எழுதியவள்,
ஓர் உதிரி ரன்கூட எவனுக்கும் தானம் தராதவள்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மற்றவர்கள் கடைக்குத் திரும்பிய பிறகு
ஜவோன், எதையோ மறந்து வைத்தவன் போல,
ஸ்டம்புக்குப் போய் அதே கோட்டில் நடந்தான்.
நீளக் கால்கள், கொக்கு நடை.
ஜன்னலும் தொட்டியும் கூடுமிடத்தில் நின்றான்.
எத்தனை என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
எண்ணாமலும் இல்லை. இருபது.

அங்கேயே குந்தினான். கைகளைச் சேர்த்து ஏந்தினான்.
மறுமுனையில் இருட்டைத் தவிர யாரும் இல்லை.
ஓடிவருகிற எதையோ பார்ப்பவன் போல
கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தான்.

பிறகு எழுந்து,
ஓர் எட்டு பின்னால் நகர்ந்து,
மறுபடி குந்தினான்.