சாளையின் வயிறு

குளச்சல் வீட்டை ஒழித்துவிட்டு
மார்த்தாண்டம் வந்த பதினோராம் நாள்
சாளையின் அடிவயிற்றில் முடியில்லை.
ஒரு ரூபாய் அகலத்துக்கு
வெளிறிய தோல்.

நக்கி நக்கியே தீர்த்திருக்கிறாள்.
சொறி என்றான் ததேயுஸ்.
வேப்பெண்ணெய் தடவு என்றாள்
மேல்வீட்டு லில்லி புஷ்பம்.
டாக்டர் டார்ச்சை அணைத்துவிட்டுக் கேட்டார்:
“ராத்திரி ரோட்டுல என்ன போவுது?”

மலை போவுது டாக்டர்,
கேரளத்துக்கு, டாரஸ் டாரஸா.
ஒவ்வொன்றுக்கும் அடுக்களையில் தட்டுகள் நடுங்க
கேஸ் சிலிண்டருக்குப் பின்னால்
அவள் இன்னும் கொஞ்சம்
சிறிதாகிறாள்.

“இழுத்து வெளிய எடுக்காதீங்கோ.”
அவ்வளவுதான்.
நான் கடித்துத் துப்பிய நகங்களையும் பார்த்தார்,
சீட்டில் எதுவும் எழுதவில்லை.

துவைக்காத போர்வையொன்று இருந்தது
குளச்சல் உப்பின் பிசுபிசுப்போடு.
அட்டைப்பெட்டியில் அதை விரித்து
பக்கத்தில் வெறுந்தரையில் படுத்தேன்.
பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
கண்ணை மெல்ல மூடினேன்,
மெல்லத் திறந்தேன்.
எத்தனையோ ராத்திரி
சிலிண்டர்தான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நேற்று, இரண்டரை மணி லாரிக்கு
ஒரு காது மட்டும் திரும்பியது.
மற்றது என் முழங்கையில்
மடங்கிக் கிடந்தது.

ததேயுஸ் எழுந்து வந்தான்.
விளக்குப் போடாமல்
தன் பழைய சாரத்தைக் கிழித்து
தட்டுகளுக்கு இடையில்
ஒவ்வொன்றாகச் செருகினான்.